பின்னுதைப்பு: வலியைப் பொறுப்பது வீரமாகுமா?

நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் கைத்துப்பாக்கி வெடிக்கும்போது, வலி என்பது குழலின் முன்னால் நிற்பவருக்கு மட்டுமே உரியது. பின்னால் நின்று சுடுகிறவரின் கைக்கு என்ன நேர்கிறது என்று ஒரு வரியாவது எழுதிய கதையை நான் இதுவரை படித்ததில்லை. கதாநாயகன் ஒற்றைக் கையை நீட்டி ஆறு முறை சுடுவான். அடுத்த காட்சியில் அதே கையால் தேநீர்க் கோப்பையை நடுக்கமின்றி ஏந்துவான். படப்பிடிப்பில் அது இயலும். அங்கே பயன்படுத்தி வந்தது குண்டு வைக்காத வெற்றுத் தோட்டா. முன்னோக்கிப் பாயக் குண்டு இல்லாதபோது பின்னோக்கி வரும் உதையும் மிகச் சிறிதே.

உண்மையான துப்பாக்கி அப்படியன்று. தற்காப்புக்கென்று சாதாரணக் குடிமக்கள் பலர் கைத்துப்பாக்கி வாங்கும் நாடு அமெரிக்கா. அங்கே புதிதாகச் சுடப் பழகுவோரிடமிருந்து அடிக்கடி எழும் முறையீடு குறி தவறுகிறது என்பது மட்டுமன்று. கை வலிக்கிறது என்பதும்தான். உள்ளங்கை எரிகிறது, கட்டைவிரலின் அடிமூட்டு குடைகிறது, மணிக்கட்டு மறுநாளும் நோகிறது என்கிறார்கள். இதற்கு அனுபவசாலிகள் பலர் சொல்லும் மறுமொழி ஒன்றே: ‘பழகப் பழகச் சரியாகிவிடும், பொறுத்துக்கொள்.’ இம்மறுமொழி தவறானது என்பதோடு, ஆபத்தானதும் ஆகும் என்பது என் கருத்து.

முதலில் அந்த உதை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட மூன்றாம் விதியை நாம் அனைவரும் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களே. 10 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாகக் கொள்வோம். ஒரு கிலோகிராம் எடையுள்ள துப்பாக்கி நொடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி வரும். அதே குண்டை அரைக் கிலோ எடையுள்ள துப்பாக்கியில் இட்டுச் சுட்டால் அவ்வேகம் 4.8 மீட்டர் ஆகிறது. கை தாங்க வேண்டிய ஆற்றலோ ஏறத்தாழ 3 ஜூலிலிருந்து 6 ஜூலாக இரட்டிக்கிறது. வெடிமருந்தின் வாயு தள்ளுவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். எடையைப் பாதியாக்கினால் உதை இருமடங்கு. கணக்கு இவ்வளவு எளியது.

இந்த எளிய கணக்கைத்தான் வணிகமும் வழக்கமும் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கின்றன. ‘கைக்கு அடக்கமானது’ என்பது தமிழில் ஒரு பாராட்டுத் தொடர். கைக்கடிகாரத்துக்கும் கையேட்டுக்கும் அது பொருந்தும், துப்பாக்கிக்குப் பொருந்தாது. சிறிய கைக்குச் சிறிய துப்பாக்கி, மெலிந்தவருக்கு இலேசான துப்பாக்கி, பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்த துப்பாக்கி என்று கடைக்காரரும் கணவரும் தேர்ந்து கொடுக்கிறார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் ஸ்காண்டியம் கலந்த உலோகச் சட்டகம் கொண்ட சிறு ரிவால்வர்களில் ஒன்று சுமார் 340 கிராம்தான் எடை. அதில் .357 மேக்னம் தோட்டாவை இட்டுச் சுட்டால், ‘டர்ட்டி ஹாரி’ (1971) படத்தால் புகழ்பெற்ற கனமான .44 மேக்னம் ரிவால்வரைக் காட்டிலும் கடுமையாகக் கையை அறையும். பெரிய துப்பாக்கியின் சொந்த எடையே உதையின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. சிறியதோ முழுவதையும் கைக்கே அனுப்பிவிடுகிறது.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமைக்குப் பின், கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை 2014-இல் ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரைப் பெண்களுக்கென வெளியிட்டது. அரைக் கிலோ எடை என்பதே அதன் சிறப்பாக விளம்பரம் செய்யப்பட்டது. அதில் இடும் தோட்டா மென்மையான வகை என்பதால் உதை பொறுக்கக்கூடிய அளவில்தான் இருக்கும். ஆயினும் ‘இலேசானது, ஆகவே பெண்ணுக்கு ஏற்றது’ என்ற தர்க்கத்தைத் தோட்டாவைப் பற்றிய பேச்சே இல்லாமல் நாம் ஏற்றுக்கொண்டோம். கைப்பையில் சுமப்பதற்கு எளிதானது வேறு, சுடுவதற்கு எளிதானது வேறு என்பதை யாரும் விளக்கவில்லை.

வலித்தால் என்ன, உயிரா போய்விடும் என்று கேட்கலாம். போகக்கூடும், ஆனால் அது சுடுபவருடைய உயிராக இராது. இங்கேதான் இச்செய்தி ஒருவருடைய கையோடு நில்லாமல் பிறரையும் தொடுகிறது. வலியை ஒருமுறை அறிந்த உடல் அடுத்த முறை அதை எதிர்பார்க்கிறது. டிரிக்கரை இழுக்கும் கணத்தில் கண் தானாக மூடுகிறது. உதையை முந்திக்கொண்டு மணிக்கட்டு துப்பாக்கியைக் கீழ்நோக்கி அமுக்குகிறது. குண்டு புறப்படுவதற்கு முன்பே குழல் குறியை விட்டு விலகிவிடுகிறது. எங்கள் கல்லூரியின் தேசிய மாணவர் படைப் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், உதையே இல்லை எனத்தக்க .22 ரைபிளுக்குக்கூட முதல் நாளில் கண்ணை இறுக மூடிக்கொண்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அஞ்சியது ஓசைக்கு. ஓசையே இவ்வளவு செய்யுமானால், ஓசையும் அடியும் சேர்ந்தால் என்ன ஆகும்? வலிக்கு அஞ்சுகிறவர் நாளடைவில் பயிற்சியையே கைவிடுகிறார். ஆனால் துப்பாக்கியைக் கைவிடுவதில்லை. பயிற்சியற்ற கையில், தலைமாட்டு இழுப்பறையில் அது கிடக்கிறது. அக்கையிலிருந்து ஒருநாள் புறப்படும் குண்டு எங்கே போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஆகவே வலியைக் குறைப்பது சொகுசு அன்று, பொறுப்பு. அதற்கான வழிகளும் அரியன அல்ல. முதலாவது, தோட்டாவை மாற்றுவது. .357 மேக்னம் ரிவால்வர் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் ஏற்கும், உதை பெருமளவு குறைந்துவிடும் (இதை மாற்றி,.38 ரிவால்வரில் மேக்னம் தோட்டாவை இடலாகாது). பயிற்சியின் பெரும்பகுதியை .22-இல் செய்வது இன்னும் நல்லது. இரண்டாவது, எடை கூடிய துப்பாக்கியைத் தேர்வது. தானியங்கிப் பிஸ்டலில் மேற்பகுதி பின்னோக்கி நகர்ந்து சுருள்வில்லை அமுக்குவதால் உதை சற்று நீண்ட நேரத்தில் பரவி வருகிறது. ஒரே தோட்டா, ஒரே எடை என்றாலும் அறை போன்றிருந்தது தள்ளல் போல் மாறுவதாகச் சுடுபவர்கள் உணர்கிறார்கள்.

மூன்றாவது, பிடி. குறுகிய மரப்பிடி உதை முழுவதையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தசை மடிப்பில் குவிக்கிறது. அகலமான ரப்பர் பிடி அதையே உள்ளங்கை முழுவதும் பரப்புகிறது. உள்ளங்கையில் மெத்தை வைத்த கையுறையும் இதற்கே உதவுகிறது. பிடிக்கும் முறையிலும் செய்தி உண்டு. கையைப் பிடியின் மேற்பகுதிவரை ஏற்றிப் பிடித்தால் குழலின் கோடு மணிக்கட்டுக்கு நெருக்கமாகும். துப்பாக்கி மேல்நோக்கித் துள்ளுவது குறையும். மறு கையும் பிடியின் வெற்றிடத்தை நிரப்பி இறுகப் பற்ற வேண்டும். தளர்ந்த பிடியில் துப்பாக்கி ஓடிவந்து கையில் மோதுகிறது; உறுதியான பிடியில் கையோடு சேர்ந்து நகர்கிறது. பிஸ்டலாயின் கட்டைவிரல் ஒருபோதும் மேற்பகுதிக்குப் பின்னால் இருத்தலாகாது.

நான்காவது, காதுக் காப்பு. அது செவிக்குக் கட்டாயம் வேண்டியது. ஓசையின் அச்சம் குறைந்தால் கையின் அச்சமும் பாதி குறைகிறது. ஐந்தாவது, அளவு. ஐம்பது தோட்டாக்களை வலியோடு சுடுவதினும் பத்தைக் கவனத்தோடு சுட்டு நிறுத்துவது மேல். விரல்களில் மரத்துப்போதலோ ஊசி குத்துவது போன்ற உணர்வோ ஓய்வுக்குப் பின்னும் நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும். நரம்பு நசுங்குவதைப் பழக்கம் சரிசெய்யாது.

வலியைத் தாங்குவதே ஆண்மை என்று வாதிடுவோர் எங்கும் உண்டு. நமக்கும் அது புதியதன்று. விழுப்புண் படாத நாளை வீண்நாளாக எண்ணும் வீரனைக் குறள் காட்டுகிறது. ஆனால் அப்புண் பகைவன் தந்தது. தன் ஆயுதத்தாலேயே தான் பட்ட காயத்தைப் பெருமையாகப் பேசும் மரபை நம் புறப்பாடல்களில் நான் கண்டதில்லை. ஹங்கேரி நாட்டுப் படைவீரர் கரோலி தகாச்சின் கதையையும் பொறுமைக்குச் சான்றாகச் சொல்வார்கள். 1938-இல் கையெறிகுண்டு வெடித்து அவரது வலக்கை சிதைந்தது. 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் விரைவுப் பிஸ்டல் போட்டியில் அவர் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஆனால் அவர் செய்தது என்ன? சிதைந்த வலக்கையை வதைத்துக்கொண்டிருக்கவில்லை; இடக்கையைப் பொறுமையாகப் பழக்கினார். உடல் சொன்னதைக் கேட்டு வழியை மாற்றிக்கொண்ட அறிவே அங்கே வென்றது.

துப்பாக்கியை வெறுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, சுடுவதை இவ்வளவு இன்பமாக்க வேண்டுமா, வலிக்கட்டுமே, அப்போதாவது விட்டுவிடுவார்கள் என்று சொல்லக்கூடும். அவ்வெறுப்பில் எனக்கும் பங்குண்டு. ஆனால் வலி யாரையும் துப்பாக்கியைத் துறக்கச் செய்வதில்லை, பயிற்சியைத்தான் துறக்கச் செய்கிறது. ஆயுதம் ஏந்தத் துணிந்தவர், அது தம் கையை என்ன செய்கிறது என்பதையேனும் முதலில் அறியட்டும். அது புரியாதவரிடம், முன்னால் நிற்பவரை அது என்ன செய்யும் என்ற புரிதலை நாம் எப்படி எதிர்பார்ப்பது?