கழிவு மீனும் எமது கணக்கும்



றாலைத் தேடிக் கடலடியை வாரும் இழுவை மடியில் றால் மட்டும் ஏறுவதில்லை. காரல், குஞ்சு நண்டு, சிறு திருக்கை, பேத்தை என்று விலைபோகாத எத்தனையோ உயிர்கள் சேர்ந்தே வருகின்றன. பல இடங்களில் இந்தக் ‘கழிவு’ மீன் றாலின் நிறையை விடப் பல மடங்காக இருக்கிறது.

இலங்கையில் இழுவைமடித் தொழில் 2017ஆம் ஆண்டு சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னரும் எல்லை தாண்டி வந்த தமிழக றோலர்களால் வலை அறுபட்டுக் கடனாளியான குடும்பங்கள் எமது கரையோரத்தில் உண்டு. எனினும் கரைவலையிலும் களங்கட்டியிலும் கூடச் சிறு மீன் படத்தான் செய்யும். அதை வீசாமல் பயன்படுத்துவது எப்படி?

முதலில் தரம் பிரியுங்கள். பேத்தையின் நஞ்சு சமைத்தாலும் காயவைத்தாலும் போகாது. கோழிக்கும் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். ஆமை அகப்பட்டால் கடலில் விடுங்கள். அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும்.

காரல் போன்றவை புதிதாக இருந்தால் சொதிக்கு உதவும். மிஞ்சியதைக் குடல் நீக்கி, நல்ல தண்ணீரில் கழுவி, 4 கிலோ மீனுக்கு 1 கிலோ உப்பிட்டு ஓரிரவு வையுங்கள். மறுநாள் மணலில் பரப்பாமல், உயர்த்திக் கட்டிய தட்டியில் வலையால் மூடிக் காயவையுங்கள். மண் ஒட்டாத கருவாட்டுக்கே நல்ல விலை.

தலை, குடல் முதலியவற்றைச் சம நிறைச் சர்க்கரையுடனோ பனங்கட்டி உடைசலுடனோ கலந்து, மூடிய வாளியில் 3 அல்லது 4 வாரம் நிழலில் வைத்தால் திரவப் பசளை கிடைக்கும். வடித்தெடுத்து, 10 லீற்றர் தண்ணீருக்கு 50 மில்லிலீற்றர் கலந்து, முதலில் ஓரிரு செடிகளுக்கு மட்டும் தெளித்துப் பாருங்கள்.

ஒரு விடயத்தை மறக்கக்கூடாது. தமிழகத்தில் கழிவு மீன் ‘சங்காயம்’ என்ற பெயரில் கோழித்தீனுக்கு விலைபோகிறது. விலை கிடைத்ததும், முன்பு கடலில் வீசப்பட்ட குஞ்சு மீன் கரைக்கு வரத் தொடங்கியது. குஞ்சைப் பிடிக்காமல் விடவேண்டும் என்ற எண்ணமும் குறைந்தது. எமது வருமானமும் அந்த வழியில் போகலாமா? குடும்பப் பாரத்தைத் தனித்துச் சுமக்கும் பெண்ணுக்கு மலிவு மீன் பெரிய உதவிதான். ஆனால் அந்தக் குஞ்சுகள் வளர்ந்தால்தான் நாளை எமது பிள்ளைகளின் வலையில் மீன் படும்.

ஆகவே தனித்தனியே வாங்காமல் மாதர் சங்கமாகச் சேர்ந்து வாங்குங்கள். விலை கேட்பதற்கு முன், “எந்த வலையில் பட்டது?” என்று கேளுங்கள். மடியில் வந்ததென்றால் வேண்டாம் என்று எல்லோரும் ஒன்றாகச் சொல்லுங்கள். ஒருத்தி சொன்னால் வியாபாரி அடுத்த வீட்டுக்குப் போவார். ஊரே சொன்னால் போக இடமிராது.