மூட்டு வலியும் முதுகு வலியும்



"வயதாகிவிட்டது, வலி வரத்தான் செய்யும்" என்று வலியை மறைத்து உழைக்கும் தாய்மார் நம்மிடையே பலர். வயது ஒரு காரணமே. ஒரே காரணம் அன்று.

முழங்காலில் எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பு தேயும்போது வலியும் இறுக்கமும் தோன்றுகின்றன. பழைய காயம், தொடைத் தசைகளின் வலுக்குறைவு, மிகுந்த உடல் எடை ஆகியவை இதற்குத் துணைபோகின்றன. எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது.

முதுகு வலிகளில் பல தசைச் சுளுக்கினால் வருபவை. இடுப்பை வளைத்துக் குடம் தூக்குவதும், நெடுநேரம் கூனி அமர்வதும் அதை வரவழைக்கும். முழங்காலை மடக்கி, குடத்தை உடலோடு அணைத்துத் தூக்குங்கள். வலி கண்டதும் நாட்கணக்கில் படுத்திராமல், இயன்றவரை நடமாடுங்கள்.

மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலியுடன் காய்ச்சலோ, கால் மரத்தலோ, சிறுநீரை அடக்க இயலாமையோ இருப்பின் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சுவரைப் பற்றி எழும் தாயிடம், "எங்கே வலிக்கிறது?" என்று இன்றே கேளுங்கள். கோவிலில் முழந்தாளிட இயலாதோர் அமர்ந்தே செபிக்கலாம். இறைவன் நோக்குவது உள்ளத்தையே.