தண்ணி ஊத்தினா சரியாப் போயிடுமா?

"ரேடியேட்டர்ல லீக்கா? ரெண்டு பாட்டில் தண்ணிய ஊத்திட்டுப் போய்க்கிட்டே இருங்க சார்!"

மலைப்பாதையில் வேன் நின்றுவிட்டால் இந்த ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். டீக்கடைக்காரர் சொல்வார், பின்னால் வந்த கார்க்காரர் சொல்வார், வண்டி முதலாளியே போனில் சொல்வார். நம்மூர் ரோடுகளில் இதைவிட மோசமான ஆலோசனை கிடையாது என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஏன் என்று பார்க்க சமையலறைக்குப் போவோம். பிரஷர் குக்கரில் வெயிட் உட்கார்ந்திருக்கும்வரை தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 வரை தாக்குப்பிடிக்கும். ரேடியேட்டரும் ஒரு குக்கர்தான். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது; உள்ளே கிட்டத்தட்ட பாதி தண்ணீர், பாதி எத்திலீன் கிளைக்கால். ஓட்டை விழுந்தால் கூலன்ட் மட்டும் போவதில்லை, அழுத்தமும் போய்விடுகிறது. அந்த நிலையில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஊட்டிக்கு ஏறினால்? ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் சும்மா ஓடும்போதே 90-ஐ ஒட்டித்தான் இருக்கும். மிச்சம் எத்தனை டிகிரி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70! இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்று கூடக் கிடைக்காது.

அடுத்த வேடிக்கை மஞ்சள்தூள். ரேடியேட்டரில் மஞ்சள்தூளைக் கொட்டினால் ஓட்டை அடைபடும் என்று ஒரு வைத்தியம் உண்டு. அடைபடும்தான், பொடி ஓட்டையாக இருந்தால். கூடவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அடைபடுமே! ஒழுகுகிற கூரையை அடைக்க வீட்டு ஜன்னலையெல்லாம் சேர்த்துப் பூசிய கதை.

சரி, என்னதான் செய்வது? முள் ஏறத் தொடங்கியதுமே ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்துவிட்டு (வேர்க்கும், பரவாயில்லை) பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். முள் திடீரென்று இறங்கினால் சந்தோஷப்படக் கூடாது. கூலன்ட் முழுக்கப் போய்விட்டால் சென்சார் காற்றின் சூட்டைத்தான் காட்டும். பிறகு காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் குறைந்தபட்சம், மேல் ஹோஸ் கையால் தொடும் பதத்துக்கு வரும்வரை. அப்புறம்தான் தேடல். ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் போதும். ஹோஸ் முனையில் கிழிந்திருந்தால், நீளம் இடம் கொடுத்தால், அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். உள்ளே கால்மிதி ஈரமாகி தித்திப்பு வாசனை வந்தால் ஹீட்டர் பக்கம் கோளாறு. ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தாலோ சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்போது டோயிங் வண்டிதான், வேறு பேச்சே இல்லை.

ஒழுகலை நிறுத்திய பிறகு, ஆறிய எஞ்சினில், நல்ல தண்ணீரை ஊற்றி அடுத்த ஒர்க்‌ஷாப் வரை மெல்லப் போவதில் தப்பில்லை. ஆனால் இங்கே அந்த அவசரத் தண்ணீர் வருஷக்கணக்கில் உள்ளேயே கிடக்கிறது. அதுவும் போர்வெல் உப்புத் தண்ணீர்! உப்பு படிகிறது, துரு ஏறுகிறது, அடுத்த ஓட்டை தயாராகிறது. கூலன்ட் வாங்கினால் முதலாளிக்கு அது இந்த மாதச் செலவு. வாங்காவிட்டால் லாபம் மாதிரித் தெரியும். ஹெட் வளைந்து எஞ்சினைப் பிரிக்கும் நாளில் அது "விதி" என்ற தலைப்பில் எழுதப்படும். தேய்மானத்துக்கு இப்படியும் ஒரு பெயர்!

கோபம் வர வேண்டிய இடம் இதுவல்ல. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறப்பது யார்? முதலாளி இல்லை, "ரூம் செக்-இன் லேட்டாகுது" என்று கத்துகிற பயணிகளும் இல்லை. கிளீனர் பையன், கையில் ஒரு அழுக்குத் துணியோடு. மூடி திறந்த கணத்தில் அழுத்தம் விழுகிறது, உள்ளே இருப்பதெல்லாம் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் பாய்கிறது. அரை மணி நேரம் பொறுக்க முடியாத இருபது பேருக்காக ஒருவன் கண்ணைப் பணயம் வைக்க வேண்டுமா? டிரைவர் "சூடு ஆறட்டும் சார்" என்றால் அவர் சோம்பேறி இல்லை, வேலை தெரிந்தவர்.

2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையைக் கொண்டுவந்தது. வேனையே வீடாக்கி ஊர் சுற்றும் ஆசை இங்கேயும் பலருக்கு இருக்கிறது. கட்டில், அடுப்பு, சோலார் பேனல் எல்லாம் ரெடி. ஹோஸ் எத்தனை வருஷப் பழசு என்று கேட்டால் மட்டும் பதில் வராது. அத்தனை சாமான் ஏற்றிய வண்டியில் இரண்டு லிட்டர் கூலன்டுக்கும் நாலு கிளிப்புக்கும் இடமில்லையாம்!

இன்னொன்று. ரோட்டோரம் வடித்துவிடும் அந்தப் பச்சைத் தண்ணீர் தித்திப்பானது, கொடிய விஷம். சிறுநீரகத்தைத் தாக்கிக் கொல்லும். வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்கும் டீக்கடை நாய்க்கும் அது தெரியாது. வடிவதை ஒரு கேனில் பிடித்து வண்டியிலேயே எடுத்துப் போக வேண்டும். தரையில் சிந்தியதை மண் போட்டு உறிஞ்சவைத்து, அந்த மண்ணையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும்.