தங்கிப் போகும் சாலை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தைக் குறுக்காகக் கடக்கும் 50ஆம் எண் நெடுஞ்சாலையை 1986இல் 'லைஃப்' இதழ் நாட்டிலேயே மிகத் தனிமையான சாலை என்று வர்ணித்தது. அந்த உயர்நிலப் பாலைவனத்தை ஒரே மூச்சில் கடந்துவிடத் துடிக்கும் தம்பதிகள், வழியிலுள்ள சிற்றூர்களில் ஓரிரவாவது தங்க வேண்டும் என்பேன். ஈலி, யுரேகா, ஆஸ்டின் ஆகிய பழைய சுரங்க ஊர்கள் ஒன்றுக்கொன்று நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கின்றன. ஆஸ்டினிலிருந்து அடுத்த ஊரான ஃபாலன் ஏறத்தாழ 175 கிலோமீட்டர். பெட்ரோலும் தண்ணீரும் நிறைய எடுத்துக்கொண்டால் போதாதா, எதற்கு வீண்செலவு என்று கேட்கலாம். எடுத்துச் செல்வது அவசியம்தான். ஆனால் டயர் வெடித்தாலும், கணவாயில் பனி கொட்டினாலும் உதவிக்கு மனிதர்கள் வேண்டும். வேலியில்லாத மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் இரவில் சாலைக்கு வந்துவிடும். இருவர் மாறி மாறி ஓட்டினாலும் அந்த ஆபத்து குறையாது. அங்குள்ள பெட்ரோல் பங்கும் உணவகமும் விடுதியும் பெரிதும் வழிப்போக்கர்களை நம்பியே நடக்கின்றன. நாம் நிற்காமல் போனால் அவை மூடப்படும்; பின்னால் வருபவர்களுக்கு இந்தப் பயணமே இயலாததாகும். அந்த விடுதி வாடகை, சாலையைப் பிறருக்கும் திறந்து வைக்கும் பங்களிப்பு.