லேப் ஜன்னல்ல சத்தம் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

1/ தொப்பூர் கணவாய்ல விபத்துன்னு செய்தி வந்தா நீங்க பார்க்கிறது நொறுங்கின லாரி, 108 ஆம்புலன்ஸ், ஸ்ட்ரெச்சர். 2020 டிசம்பர்ல லாரி மோதி வரிசையா கார்கள் நசுங்கினதும், 2024 ஜனவரில பாலத்துல வண்டிகள் எரிஞ்சதும் ஞாபகம் இருக்கும். அந்தக் காட்சிகள்ல ஒருத்தர் வரவே மாட்டார். லேப் டெக்னீஷியன்.

2/ ரத்தம் கொட்டி வர்றவருக்கு ரத்தம் ஏத்தணும்னு எழுதுறது டாக்டர். எந்தப் பையை ஏத்தலாம்னு சோதிச்சுச் சொல்றது அவர். முதல்ல குரூப் பார்ப்பார். அப்புறம் கொடையாளரோட சிவப்பணுவையும் நோயாளியோட சீரத்தையும் கலந்து, 37 டிகிரியில வச்சு, கட்டி தட்டுதான்னு பார்ப்பார். இதுதான் கிராஸ் மேட்ச்.

3/ முழுசா செய்ய முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகும். "இன்னும் எவ்ளோ நேரம்?"னு ஜன்னலைத் தட்டினா அந்த நேரம் குறையாது, அவர் கவனம்தான் குறையும். உயிர் போற அவசரம்னா கிராஸ் மேட்சுக்குக் காத்திருக்காம ஓ குரூப் ரத்தம் ஏத்தச் சொல்லி டாக்டர் கையெழுத்துப் போடுவார். அது எங்க பொறுப்பு.

4/ குரூப் மாறி ஏறினா சில மில்லி லிட்டரே ஆபத்து. சிறுநீரகம் செயலிழக்கும், உயிரே போகலாம். இந்தத் தப்பு நிறைய நேரம் மெஷின்ல நடக்கிறதில்ல. டியூப்ல பேர் மாத்தி ஒட்டுறதுல நடக்குது.

5/ ஒவ்வொரு ரத்தப் பையிலயும் எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியான்னு 5 பரிசோதனை கட்டாயம். ஒண்ணு தவறினா என்ன ஆகும்? 2018 டிசம்பர்ல சாத்தூர்ல ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏத்தப்பட்டது. அது வந்தது சிவகாசி அரசு ரத்த வங்கியில இருந்து. லேப் ஊழியர்கள் மேல நடவடிக்கை எடுத்தாங்க.

6/ தப்புக்குத் தண்டனை வேணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா அந்தக் கொடையாளருக்குத் தொற்று இருக்கிறது 2016லயே ரத்த வங்கியில தெரிஞ்சும், தகவல் அவரைச் சேரலைன்னு அப்ப செய்திகள் சொல்லுச்சு. பின்னாடி வெளிநாட்டு வேலைக்காக டெஸ்ட் எடுத்தப்ப விஷயம் தெரிஞ்சு, அவரேதான் ரத்த வங்கிக்குச் சொன்னார். இது ஒருத்தரோட கைத்தவறு மட்டும்தானா? தகவல் போய்ச் சேர வழியும், செய்ததை இன்னொருத்தர் சரிபார்க்கிற ஏற்பாடும் இல்லாத இடத்துல ஆளை மட்டும் மாத்தினா, அதே தப்பு வேற பேர்ல திரும்ப வரும்.

7/ அதனால என் கருத்து இது. நெடுஞ்சாலை விபத்துகள் வந்து சேர்ற ஆஸ்பத்திரிகள்ல, ராத்திரி ஷிஃப்ட்ல லேப்ல ஒத்தை ஆள் இருக்கக்கூடாது. ஒருத்தர் செய்ய, ஒருத்தர் சரிபார்க்க, குறைஞ்சது ரெண்டு பேர் வேணும். ஆபரேஷன் தியேட்டர் கேட்கிற நாம இதையும் கேட்கணும்.

8/ நீங்க செய்ய வேண்டியது மூணு:
– ரத்தம் எடுக்கிறப்ப உங்க பேரை நீங்களே சொல்லுங்க. டியூப்ல உங்க முன்னாடியே எழுதுறாங்களான்னு பாருங்க.
– வெறும் வயித்து டெஸ்ட்னா டீயும் கூடாது. குடிச்சிருந்தா மறைக்காம சொல்லுங்க.
– விபத்து நடந்த அப்புறம் ஓடி வர்றதை விட முன்னாடியே ரத்தம் கொடுங்க. ஆண்கள் 3 மாசத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாசத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். இன்னைக்கு கொடுக்கிற ரத்தத்தைச் சோதிச்சு முடிக்கவும் நேரம் வேணும்.

9/ அடுத்த தடவை ரிப்போர்ட் லேட்டானா, உள்ள ஒருத்தர் சந்தேகம் வந்து அதே டெஸ்டை மறுபடி போட்டுப் பார்த்துட்டு இருக்கலாம். அது உங்களுக்காகத்தான்.