ஏழுமுறை வீழ்ந்தவர்

குத்துச்சண்டையில் வென்றவரையே உலகம் போற்றும். வீழ்ந்து எழுந்தவரிடத்தே கற்கத்தக்கது மிகுதி என்பது நமது துணிபு.

நியூயோர்க் நகரின் புறுக்ளின் பகுதியில் வறுமையில் வளர்ந்த புளோயிட் பற்றர்சன் என்னும் சிறுவன், பள்ளிக்குச் செல்லாது திரிந்து, வழிதவறிய சிறுவர்க்கான பள்ளியொன்றிற் சேர்க்கப்பட்டான். ஆங்கே பெற்ற பரிவு அவனை மாற்றியது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், 17 வயதிலேயே மத்திய நிறைப் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றான்.

அதே ஒலிம்பிக்கில், பாரநிறைப் பிரிவின் இறுதிப் போட்டியிலே, முனைந்து போரிடவில்லையென விலக்கப்பட்டார் சுவீடன் நாட்டு இங்கெமார் ஜோகான்சன். அவருக்குரிய வெள்ளிப் பதக்கமும் மறுக்கப்பட்டது.

இருவரும் அவ்வாண்டே தொழில்முறைப் போட்டிகளிற் புகுந்தனர். ஒலிம்பிக்கில் மூன்றே சுற்றுகள். உலகப் பட்டத்துக்கோ அந்நாளிற் பதினைந்து. 1956இல், 21 வயதில், பற்றர்சன் உலகப் பாரநிறைச் சம்பியனானார். அத்துணை இளமையில் அப்பட்டத்தை அதற்குமுன் எவரும் பெற்றிலர். 1959இல் அவரை மூன்றாஞ் சுற்றில் ஏழுமுறை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தவர் யார்? அன்று விலக்கப்பட்ட ஜோகான்சனே!

பற்றர்சன் மனம் தளர்ந்தார். ஆயினும் பயிற்சியைக் கைவிட்டிலர். 1960இல் ஜோகான்சனை ஐந்தாஞ் சுற்றில் வீழ்த்தி, பாரநிறைப் பட்டத்தை இழந்து மீட்ட முதல்வரானார். வென்றபின், நினைவிழந்து கிடந்த எதிரியின் அருகில் முழந்தாளிட்டு அவரைத் தாங்கினார்.

ஜோகான்சனுக்குரிய வெள்ளிப் பதக்கம் 1982இல் வழங்கப்பட்டது. பரீட்சையில் ஒருமுறை தவறிய பிள்ளையை உதவாதவன் என முடிவுகட்டும் பெற்றோர், இவ்விருவரையும் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.