வார்த்தை வம்பு - 7: ரிப்பீட்டு!

ரெண்டு வாரமா ஆளைக் காணோமேன்னு யாராச்சும் தேடினீங்களா? தேடலையா, சரி விடுங்க :-) காரணம் இருக்கு, கீழே வருது.

இந்த வாரச் சொல்: ரிபீட். "ரிபீட் ஆஃப்டர் மீ" என்று டீச்சர் சொன்னதும் கோரஸாகக் கத்திய பரம்பரை நாம். நமக்கேவா? இருங்க. இதன் லத்தீன் வேர் 'பெட்டெரே', அதாவது நாடிப் போவது. தாலுகா ஆபீசில் பெட்டிஷன் போடுகிறோமே, அதுவும் இதே வேர்தான். 'ரி' சேர்ந்தால், திரும்பவும் நாடிப் போவது.

முதல் பல்பு வீட்டிலேயே கிடைத்தது. பாட்டனி டவுன்ஸில் நான் ரூம் எடுத்திருக்கும் வீட்டுக்காரப் பாட்டி, சாலட்டில் வெள்ளரிக்காயை மட்டும் ஒதுக்கி வைத்தார். ஏன் என்றேன். "இட் ரிபீட்ஸ் ஆன் மீ" என்றார். வெள்ளரிக்காய் என்னத்தைத் திரும்பச் சொல்லும்? அப்புறம்தான் விளங்கியது, நம்மூரில் 'எதுக்களிக்குது' என்போமே, அதேதான். தின்றது ஏப்பத்தோடு திரும்ப மேலே வருவது!

அடுத்து, "ப்ளீஸ் ரிபீட் அகெய்ன்". ரிபீட்டுக்குள்ளேயே 'திரும்ப' இருக்கு, அகெய்ன் எதுக்கு? நடு சென்டர் கேஸ்தான். மூணாவது தடவையாகக் கேட்டால் மட்டும் மன்னிப்பு உண்டு. ராணுவ ரேடியோவில் இன்னும் விவகாரம். சொன்னது காதில் விழவில்லை என்றால் "சே அகெய்ன்" என்பார்கள். பீரங்கிப் படைக்கு "ரிபீட்" என்றால் அதே இலக்கில் திரும்பச் சுடு என்று அர்த்தம். வார்த்தை மாறினால் குண்டு விழும்.

என் தலையிலும் விழுந்தது. போன செமஸ்டரில் ஒரு பேப்பர் ஃபெயில். (இங்கே பாடத்தையே பேப்பர் என்பார்கள்.) "ரிபீட் பண்ணலாம்" என்று மெயில் வந்தது. நான் படித்த இன்ஜினியரிங் காலேஜ் புத்தியில் அதை 'அரியர்' என்று படித்துவிட்டேன். இன்டர்னல் மார்க் அப்படியே இருக்கும், பரீட்சை மட்டும் எழுதினால் போதும் இல்லையா? அம்மாவுக்கு போன் போட்டு, "ஒண்ணுமில்லம்மா, ஒரு பரீட்சை திரும்ப எழுதணும், அவ்ளோதான்" என்றேன்.

அவ்ளோ இல்லை. பரீட்சையை மட்டும் எழுதுவதற்கு இங்கே 'ரீசிட்' என்று தனிச் சொல் இருக்கு. ரிபீட் என்றால் புதுசாகச் சேர்ந்து, வகுப்பு, அசைன்மென்ட், பரீட்சை எல்லாம் முதலிலிருந்து. ஃபீஸும் முதலிலிருந்து, அதுவும் வெளிநாட்டு மாணவர் ஃபீஸ். சிட்டியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது பக்குரங்கா வரைக்கும் அதை ரூபாயில் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தேன். குறையவே இல்லை.

ஒரு வாரம் தள்ளிப் போட்டு, அப்பாவிடம் சொன்னேன். லைன் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும், "என்ன சொன்ன? திரும்பச் சொல்லு" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, எந்தத் தேதிக்குள்ள கட்டணும்?" என்றார். நான் ஆயிரம் காரணம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றையும் கேட்கவில்லை. லோன் போட்டு அனுப்பிய மனுஷன்.

வர்ற செமஸ்டர் அதே பேப்பர், அதே வாத்தியார், அதே பஸ். திரும்பவும் நாடிப் போகிறேன்.

டிஸ்கி: வெளிநாட்டில் படிக்கக் கிளம்பும் தம்பி தங்கச்சிகளே, மெயிலில் ரிபீட் என்று வந்தால், வீட்டுக்கு போன் போடுமுன் "ரீசிட்டா, ரிபீட்டா" என்று ஆபீசில் கேட்டுவிடுங்கள். வேண்டுமானால் ரெண்டு தடவை கேளுங்கள் :-)